வீட்டு ரீஃப் தொட்டியில் கடல் அட்டை: வாங்கும் முன்பிருந்து அவசர வேளை வரை

ரீஃப் தொட்டி, அதாவது பவளமும் மீனும் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி, வைத்திருப்பவர்கள் யாராவது "கடல் அட்டை ஒன்று விடலாமா?" என்று கேட்டால், "எந்த ஊரில் இருக்கிறீர்கள்?" என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

இந்தியாவில் இருந்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணை 1-ல் 2001-ல் கடல் அட்டைகளைச் சேர்த்தார்கள். பிடிப்பது, வைத்திருப்பது, விற்பது எல்லாமே குற்றம், சிறை வரை போகும். "பண்ணையில் வளர்த்தது", "வெளிநாட்டிலிருந்து வந்தது" என்று கடைக்காரர் என்ன சொன்னாலும் வாங்காதீர்கள். கல் பவளங்களும் அதே சட்டத்தில் இருப்பவைதான் என்பதையும் நினைவில் வையுங்கள். இலங்கையில் உரிமம் இல்லாமல் கடல் அட்டை பிடிக்க முடியாது. ஆகவே இந்தக் கட்டுரை, சட்டம் அனுமதிக்கிற, முறையான கடைகளில் அட்டை கிடைக்கிற ஊர்களில் வாழ்பவர்களுக்கானது. எந்த ஊராக இருந்தாலும் கரையில் கண்டதை வாளியில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருவது கூடாது.

நான் பிறந்தது மண்டபம் பக்கம். இப்போது சிங்கப்பூரில், ஈசூனில் ஓர் அடுக்குமாடி வீட்டில் 400 லிட்டர் தொட்டி வைத்திருக்கிறேன். எங்கள் கடலில் ஒரு வகைக்கு நூல் அட்டை என்றே பெயர். சீண்டினால் பின்பக்கத்திலிருந்து வெள்ளை வெள்ளையாக நூல் விடும். கையில் பட்டால் பசைபோல ஒட்டிக்கொண்டு லேசில் போகாது. வலை இழுத்த கைகளுக்கெல்லாம் அது தெரியும். அட்டையைச் சீண்டக் கூடாது என்ற அந்த ஒரு பாடத்தை வைத்துத்தான் தொட்டியில் அட்டை வளர்க்கும் முறை முழுவதையும் விளக்கலாம்.

அது ஏன் ஆபத்து?

பெயரில் அட்டை இருந்தாலும் இது ரத்தம் குடிக்கும் அட்டை இல்லை. நட்சத்திர மீனுக்கும் கடல் முள்ளெலிக்கும் சொந்தம். கடிக்காது, கொட்டாது, ஓடவும் தெரியாது. தற்காப்புக்கு அதனிடம் இருப்பது தோலிலும் உள்ளுறுப்புகளிலும் இருக்கும் நஞ்சு. ஹோலோதூரின் என்று பொதுவாகச் சொல்வார்கள். இது சப்போனின் வகையைச் சேர்ந்தது. பூந்திக்கொட்டையைத் தேய்த்தால் நுரை வருகிறதே, அதற்குக் காரணமும் சப்போனின்தான். அந்த நுரைக்கும் நம் தொட்டிக்கும் உள்ள தொடர்பைப் பின்னால் சொல்கிறேன்.

இந்த நஞ்சு மீனின் செவுளில் உள்ள மெல்லிய செல்களை உடைக்கிறது. பசிபிக் தீவுகளில் பாறைக்குழிகளில் தேங்கிய கடல்நீரில் அட்டையை நசுக்கிப் போட்டு, மயங்கி மிதக்கும் மீனைப் பிடிப்பது பழைய வழக்கம். அந்தப் பாறைக்குழியைவிட நம் தொட்டி பெரிது என்று சொல்வதற்கில்லை.

அட்டை செத்த தொட்டியெல்லாம் அழிந்துவிடும் என்று பயப்படவும் வேண்டாம். பசியால் மெல்லச் சுருங்கி, ஒரு மூலையில் சத்தமில்லாமல் இறந்துபோகும் அட்டைகள் ஏராளம். மீன்களுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பெரிய சேதம் பெரும்பாலும் தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் அலை மோட்டார் அட்டையை அரைக்கும்போதோ, இறந்த பெரிய அட்டை யாரும் பார்க்காமல் அழுகும்போதோ, வேறு மீன் அதைப் பிய்க்கும்போதோ வருகிறது. மூன்றையும் முன்கூட்டியே தடுத்துவிட முடியும்.

முதலில் தொட்டி தயாராக வேண்டும்

மணலை உண்ணும் அட்டை மணலையே தின்று வாழ்வதில்லை. மணல் துகளின் மேல் படிந்திருக்கும் பாக்டீரியா, நுண்பாசி, மக்கிய உணவுத் துணுக்கு ஆகியவற்றைச் செரித்துக்கொண்டு மணலை வெளியே தள்ளுகிறது. புதுத் தொட்டியின் மணலில் அந்தப் படிவு இருக்காது. பார்க்க அழகாக வெள்ளையாக இருக்கும், அட்டைக்கோ அது வெறும் தட்டு. குறைந்தது ஒரு வருடம் ஓடிய தொட்டியில்தான் விடுங்கள். ஆறு மாதம் போதும் என்பவர்களும் உண்டு. நான் ஒரு வருடம் என்பதில் பிடிவாதமாக இருக்கிறேன்.

அளவு: 300 லிட்டருக்கு ஓர் அட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்னத் தொட்டியில் உணவும் குறைவு, நஞ்சு கலந்தால் அதை நீர்க்கச் செய்யத் தண்ணீரும் குறைவு. மணல் மெல்லியதாக, சர்க்கரைத் துகள் அளவிலிருந்து ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வரை, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு இருக்கட்டும். உடைந்த சிப்பிகளைப் பரப்பிய தொட்டி சரிப்படாது. பாறைகளை மணலின் மேல் வைக்காமல் அடிக்கண்ணாடியில் ஊன்றி வையுங்கள். அட்டை அடியில் புகுந்து மணலைப் பறித்தால் மேலே உள்ள பாறை சரியும்.

உப்பு 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு), அடர்த்திக் கணக்கில் 1.025 அல்லது 1.026. வெப்பநிலை 25 டிகிரியை ஒட்டி. எங்கள் வீட்டில் பகலில் 31 டிகிரி வரை ஏறும், அதனால் நீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாமல் நடக்காது. தாமிரம் கலந்த மருந்து எப்போதாவது ஊற்றிய தொட்டி என்றால் அட்டை வேண்டாம். பாறையிலும் மணலிலும் தங்கிய தாமிரம் நாள்பட வெளியே வரும். முதுகெலும்பற்ற உயிர்கள் அதைத் தாங்காது.

தொட்டியில் ஏற்கெனவே இருப்பவர்களையும் கணக்கில் எடுங்கள். டிரிகர் மீன், பேத்தை மீன் இருந்தால் அட்டை கூடாது. பட்டர்ஃப்ளை மீன்களும் பெரிய ஏஞ்சல் மீன்களும் அதன் வாயைச் சுற்றியுள்ள கைகளைக் கொத்தும். பெரிய நண்டையும் நம்ப வேண்டாம்.

மோட்டாருக்கு வேலி

என் முதல் அட்டை இப்படித்தான் போயிற்று. புலிவால் என்று கடைகளில் விற்கும் பழுப்பு வகை. வாங்கி மூன்று வாரம் ஒழுங்காக இருந்தது. ஒரு நாள் விடிகாலை ஐந்து மணிக்குத் தரையெல்லாம் ஈரம். நீரை நுரைக்கவைத்து அழுக்கைப் பிரிக்கும் ஸ்கிம்மரின் கோப்பை பொங்கி வழிந்து, தொட்டியோடு இணைந்த வடிகட்டும் பெட்டியான சம்ப் பெட்டிக்கு வெளியே நுரை குவிந்திருந்தது. விளக்கைப் போட்டேன். அலை மோட்டாரின் கம்பிகளுக்கு இடையே அட்டையின் பாதி தொங்குகிறது. தண்ணீர் பால் கலந்ததுபோல இருக்கிறது. இரண்டு கோமாளி மீன்களும் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. ஒன்றைக் காப்பாற்ற முடிந்தது. நான்கு வருடம் என் கையில் சாப்பிட்ட மற்றொன்று அன்று மதியம் போய்விட்டது. டாங் மீன் அதற்கு முன்பே.

மோட்டாருடன் வந்த பிளாஸ்டிக் கூண்டு போதும் என்று நினைத்ததுதான் தவறு. அட்டையின் தோலில் உள்ள இணைப்புத் திசு விசித்திரமானது. நினைத்தால் கட்டையாக விறைக்கும், நினைத்தால் கூழாக இளகும். இளகிவிட்டால் தன் உடம்பில் கால்வாசி அகலம்கூட இல்லாத இடுக்கில் நுழைந்துவிடும். ஆகவே கணக்கு இப்படி: உங்கள் சுண்டு விரல் நுழையும் இடத்தில் அட்டையும் நுழையும்.

எல்லா அலை மோட்டார்களுக்கும் ஸ்பாஞ்ச் உறையோ நெருக்கமான வலை உறையோ போடுங்கள். உறை அடைத்துக்கொண்டால் மோட்டார் திணறும், நீரோட்டம் குறையும். மூன்று நாளைக்கு ஒருமுறை கழற்றி அலச வேண்டும். அதற்கு நேரம் இல்லை என்றால் அட்டைக்கும் நேரம் இல்லை என்று அர்த்தம், விட்டுவிடுங்கள். தொட்டி நீர் சம்ப் பெட்டிக்கு வழிந்து இறங்கும் ஓவர்ஃப்ளோவின் பற்களுக்கு மேல் வலை கட்டுங்கள். ஹீட்டர் இருந்தால் அதற்கும் கூண்டு வேண்டும். சூடான கண்ணாடியில் ஏறி வெந்துபோன அட்டைகள் உண்டு. இன்னும் நல்ல வழி, ஹீட்டரையும் மோட்டாரையும் முடிந்தவரை சம்ப் பெட்டிக்கு மாற்றிவிடுவது.

இதையெல்லாம் அட்டை வருவதற்கு முந்தின வாரமே செய்து, உறைகளோடு தொட்டியை ஒரு வாரம் ஓடவிட்டுப் பாருங்கள். அட்டை வந்த அன்று இரவே அது எங்கெல்லாம் ஏறும் என்று சொல்ல முடியாது.

எந்த வகை?

புதியவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே ஒன்று: ஹோலோதூரியா எடுலிஸ். மேலே கருப்பு அல்லது அடர்பழுப்பு, வயிற்றுப்பக்கம் இளஞ்சிவப்பு. இதற்கு நூல் விடும் உறுப்பு கிடையாது. பகலிலும் பல வேளை வெளியே மணலில் கிடக்கும், அதனால் நலமா என்று அடிக்கடி பார்க்க முடியும். நஞ்சே இல்லை என்று பொருள் இல்லை, தோலில் உண்டு. ஆனால் சாதாரணமாகக் கலங்காத, அமைதியான பிராணி.

புலிவால் வகை, ஹோலோதூரியா ஹில்லா, உடம்பின் பின்பகுதியைப் பாறை இடுக்கில் வைத்துக்கொண்டு இரவில் முன்பகுதியை மட்டும் நீட்டி மணலைத் துழாவும். நல்ல உழைப்பாளி. ஆனால் பாதி நாள் கண்ணில் படாது. உயிரோடு இருக்கிறதா என்பதே தெரியாமல் நாட்கள் போகும். முதல் அட்டையாக வேண்டாம்.

கடல் ஆப்பிள் என்று ஊதாவும் சிவப்பும் மஞ்சளுமாக ஒன்று விற்பார்கள். கடையில் அதைப் பார்த்துவிட்டுச் சும்மா திரும்புவது கஷ்டம், அவ்வளவு அழகு. வாங்காதீர்கள். அது மணல் உண்பதில்லை. நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களைக் கிளைத்த கைகளால் பிடித்துத் தின்கிறது. வீட்டுத் தொட்டியில் நாள் முழுக்க அதற்கு மிதவை உணவு கொடுக்க ஆள் வேண்டும். பெரும்பாலானவை மாதக்கணக்கில் பட்டினி கிடந்து, எலுமிச்சை அளவுக்குச் சுருங்கிச் சாகின்றன. கலங்கினால் விடும் நஞ்சும் கடுமை. சின்ன மஞ்சள் அட்டையும் இதே உணவுப் பழக்கம்தான். நூல் அட்டையை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டியதே இல்லை. பாம்புபோல நீளமாக, தொட்டால் கையில் ஒட்டும் மெல்லிய வகைகளும் உண்டு. அவை எளிதில் அறுந்துபோகும்.

கடையில் பார்க்க வேண்டியது

அவசரப்படாமல் கால் மணி நேரம் நின்று பாருங்கள். நல்ல அட்டை மணலிலோ கண்ணாடியிலோ அழுத்தமாகப் பற்றியிருக்கும். தோலில் வெள்ளைத் திட்டு, சளி, புண் இருந்தால் வேண்டாம். பின்பக்கத் துளை திறந்து மூடிக்கொண்டிருக்கும். புதியவர்கள் அதை வாய் என்று நினைப்பார்கள், அது மூச்சு. கடல் அட்டை ஆசனவாய் வழியாகத்தான் நீரை உள்ளே இழுத்துச் சுவாசிக்கிறது. வாய் மறு முனையில், மணலை ஒட்டிக் கீழ்ப்பக்கமாக இருக்கும்.

பக்கத்தில் மணல் சரம் கிடக்கிறதா என்று தேடுங்கள். உடைந்த முறுக்குத் துண்டு போல இருக்கும் அதன் கழிவு. அது இருந்தால் அட்டை சாப்பிடுகிறது. நேற்று வந்த சரக்கு என்றால் முன்பணம் கொடுத்து ஒரு வாரம் அங்கேயே வைத்திருக்கச் சொல்லுங்கள்.

எடுக்கும்போது கடைக்காரர் பிடுங்குகிறாரா என்று கவனியுங்கள். பிடுங்கினால் அது பற்றிக்கொள்ளும் சின்னக் குழாய்க்கால்கள் அறும். பக்கவாட்டில் மெல்ல விரலைச் செலுத்தி, அது தானாக விடும்வரை பொறுத்து, தண்ணீருக்குள்ளேயே பையில் இட வேண்டும். மீன் வாங்கியிருந்தாலும் அட்டைக்குத் தனிப் பைதான். வீட்டுக்கு வந்து பார்க்கும்போது பையில் நூலோ, உள்ளுறுப்போ, கலங்கிய நிறமோ இருந்தால் அந்த அட்டையைத் தொட்டியில் விடக் கூடாது.

தொட்டிக்குள் விடுவது

பையை அரை மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமன் செய்யுங்கள். பிறகு அட்டையைப் பை நீரோடு ஒரு சிறிய வாளிக்கு மாற்றி, மெல்லிய குழாயில் முடிச்சுப் போட்டு, தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். வினாடிக்கு இரண்டு சொட்டு போதும். வாளி நிரம்பினால் பாதியைக் கொட்டிவிட்டுத் தொடருங்கள். இரண்டு மணி நேரமாவது ஆக வேண்டும். உப்பு மாறுவதை முட்தோலிகள் (அட்டையும் நட்சத்திர மீனும் சேர்ந்த இனம்) தாங்காது, மீனுக்குச் செய்யும் இருபது நிமிடக் கணக்கு இங்கே பலிக்காது.

அப்புறம் ஒரு கிண்ணத்தை வாளிக்குள் அமிழ்த்தி, அட்டையை அதில் ஏறவிட்டு, கொஞ்சம் நீரோடு எடுத்துத் தொட்டியின் மணல் வரை கொண்டுபோய்ச் சாயுங்கள். காற்றில் தூக்கக் கூடாது. உடம்புக்குள் நிறைய நீர் இருப்பதால் வெளியே எடுத்தால் தன் பாரத்திலேயே தொங்கும். விளக்கை அணைத்துவிடுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவும்வரை கண்ணைத் தொடாதீர்கள். அந்த நஞ்சு கண்ணில் பட்டால் பெரிய தொந்தரவு. கையில் கீறல் இருந்தால் கையுறை போடுங்கள்.

முதல் இரண்டு மூன்று நாள் அது எங்காவது ஒளிந்து அசையாமல் கிடந்தால் விடுங்கள். குச்சியால் தட்டிப் பார்க்க வேண்டாம்.

நாள்தோறும்

ஒரு வாரம் கழித்து, விளக்கு அணைந்து ஒரு மணி நேரத்துக்குப் பிறகு, சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச்சோடு தொட்டியின் முன் உட்காருங்கள். வாயைச் சுற்றி காலிஃபிளவர் மொட்டுப் போலச் சின்னச் சின்னக் கைகள் இருபதளவில் இருக்கும். ஒன்று மணலை ஒற்றி எடுக்கும், வாய்க்குள் போகும், குழந்தை விரலைச் சப்புவதுபோல வழித்துவிட்டு வெளியே வரும். அதற்குள் அடுத்தது போயிருக்கும். ஒரு கை முடிந்துதான் மறு கை, முண்டியடிப்பதில்லை. நான் அதைப் பார்த்துக்கொண்டே எத்தனையோ இரவு தூக்கத்தை விட்டிருக்கிறேன்.

அட்டை விட்ட தெம்பில் மணலைச் சைஃபன் போட்டு உறிஞ்சுவதை நிறுத்துங்கள், அது அட்டையின் சாப்பாடு. மாதத்தின் முதல் தேதி, அது நீண்டு கிடக்கும் நேரமாகப் பார்த்து, ஒரே பாறையை ஒட்டிப் படம் எடுத்து வையுங்கள். பசித்த அட்டை மெலியாது, சுருங்கும்; தினமும் பார்க்கிற கண்ணுக்கு அது தெரியாது. மூன்று படங்களில் தொடர்ந்து சின்னதாகிக்கொண்டே வந்தால் உணவு போதவில்லை. ஸ்பைருலினா தூள் ஒரு சிட்டிகையை நீரில் குழைத்து, மோட்டாரைப் பத்து நிமிடம் நிறுத்தி, மணலின் மேல் பிப்பெட்டால் விடுங்கள். வாரம் இரண்டு தடவை. ஊறவைத்து அரைத்த கடற்பாசித் தாளும் நல்லது. அதற்கும் தேறவில்லை என்றால் பெரிய தொட்டி வைத்திருப்பவருக்கோ கடைக்கோ கொடுத்துவிடுங்கள். ஒருபோதும் கடலில் விடாதீர்கள். கடையிலிருந்து வந்த உயிர் எந்தக் கடலுடையது என்று நமக்குத் தெரியாது.

அவசர வேளை

இதற்கான பொருட்கள் அட்டைக்கு முன்பே வீட்டில் இருக்க வேண்டும்: 300 லிட்டர் தொட்டிக்கு நஞ்சை உறிஞ்சும் நல்ல கார்பன் அரை கிலோ, மீன்கள் அனைத்தும் கொள்ளும் பெட்டி ஒன்று, காற்றுக் கல், பாதித் தொட்டிக்காவது போதுமான உப்புக் கலவை. நூறு லிட்டராவது கலந்து தயாராக இருந்தால் மிக நல்லது. அன்று விடிகாலையில் என்னிடம் இருந்தது இருபது லிட்டர்.

ஸ்கிம்மர் திடீரென்று பொங்குவது முதல் அறிகுறி. சப்போனின் என்றால் நுரை என்று சொன்னேனே, அதுதான் இது. மீன்கள் மேலே வந்து வேகமாக மூச்சு வாங்கும். நூலோ, குடலோ, வெண்கலங்கலோ தெரியும்.

உடனே அலை மோட்டாரை நிறுத்துங்கள். மீன்களைப் புது உப்பு நீருள்ள பெட்டிக்கு மாற்றிக் காற்றுக் கல் போடுங்கள். மற்ற வேலைகள் இதற்குப் பிறகுதான். கையுறையோடு அட்டையையும் துண்டுகளையும் எடுங்கள். உயிர் இருந்தால் தனி வாளியில் வையுங்கள். சிதறிய சிறு துணுக்குகளைச் சைஃபனால் உறிஞ்சுங்கள். கார்பன் முழுவதையும் நீர் பாயும் இடத்தில் போட்டு, பாதித் தண்ணீரை மாற்றுங்கள். ஸ்கிம்மரை அணைக்க வேண்டாம், கோப்பையிலிருந்து ஒரு குழாயை வாளிக்கு இழுத்துவிட்டு ஓடவிடுங்கள், அது நஞ்சையும் சேர்த்துத்தான் வெளியே தள்ளுகிறது. மறுநாள் கார்பனை மாற்றி, இன்னொரு முறை பாதித் தண்ணீரை மாற்றுங்கள். அம்மோனியாவை அளந்து பார்த்து, நுரை அடங்கிய பிறகே மீன்களைத் திருப்பி விடுங்கள்.

அட்டை குடலைக் கக்கிவிட்டால் அது செத்துவிட்டது என்று எறிய வேண்டாம். சுத்தமான நீரில், தொந்தரவில்லாமல் விட்டால் சில வாரங்களில் உள்ளுறுப்புகள் மறுபடி வளரும். அழுகல் நாற்றம் வந்தால், தோல் கரைந்தால்தான் இனி வாய்ப்பில்லை.

இரண்டாகப் பிரிந்தால்

எடுலிஸ் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு நாள் அதன் நடு உடம்பு, வேட்டியை முறுக்கிப் பிழிவதுபோல இறுகிக் கிடக்கும். முன்பாதி ஒரு பக்கமும் பின்பாதி ஒரு பக்கமுமாகத் திருகும். மோட்டாரில் அடிபட்டதோ என்று அலறி எடுத்துவிடாதீர்கள். அது இனப்பெருக்கத்தின் ஒரு வழி. தண்ணீர் தெளிவாக இருக்கிறதா, நுரை கூடவில்லையா என்று மட்டும் பாருங்கள். இரண்டு பாதிகளையும் கிடந்த இடத்திலேயே விடுங்கள். வாயில்லாத பின்பாதி சாப்பிடாமல் இருக்கும். அதற்காக உணவை அள்ளிப் போட்டால் தண்ணீர்தான் கெடும்.

என்னுடையது சென்ற வருடம் பிரிந்தது. பின்பாதி பாறை ஓரமாகக் கட்டைவிரல் தடிமனில் கிடந்தது. அதன் மூச்சுத் துளை திறந்து மூடுவதைத்தான் தினமும் போய்ப் பார்ப்பேன். மூன்று மாதத்துக்கு மேல் ஆயிற்று. ஓர் இரவு சிவப்பு விளக்கில் பார்த்தபோது, முனையில் அரிசிமணி அளவுக்குப் புதுக் கைகள் முளைத்து மணலை ஒற்றிக்கொண்டிருந்தன.